இத்தாலியப் பட்டறைக் கண்ணாடி: எந்த ஊரின் கை உங்கள் சுவருக்கு?

சென்ற மாதம் ஒரு தம்பதி இரண்டு படங்களை அனுப்பி என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். முதல் படத்தில் துரின் நகரத்துப் பட்டறையில் செய்த நீள்சதுரக் கண்ணாடி. மரச் சட்டம் கிடையாது. சுற்றிலும் பீச் பழ நிறத்தில் பட்டை தீட்டிய கண்ணாடிக் கீற்றுகள்தான் சட்டம். இரண்டாவது, மேலே அகன்று கீழே குறுகும் கேடய வடிவம். விரல் அகலத்துக்குப் பித்தளை விளிம்பு. விற்பவர் அதற்கு 'ஜியோ பொன்தி பாணி, 1950கள்' என்று பெயர் வைத்திருந்தார். பொன்தி மிலானின் பேர்பெற்ற கட்டிடக் கலைஞர். விலை ஏறக்குறைய ஒன்றுதான். ஒன்றைத்தான் வாங்க முடியும், எதை வாங்குவது என்று கேட்டிருந்தார்கள்.

இதே முடிச்சோடு வேறு சிலரும் வந்திருக்கிறார்கள். ஒருவருக்கு முரானோ தீவின் கண்ணாடிச் சட்டமா பிரம்புச் சட்டமா என்று குழப்பம். இன்னொருவருக்குத் தங்க ரேக் ஒட்டிய ஃபுளோரன்ஸ் சட்டத்தின் மேல் ஆசை, ஆனால் பயம். ஆகவே எல்லாவற்றையும் ஒரே தராசில் வைத்துப் பார்க்கிறேன். என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது: கட்டிடக் கலைஞர் பெயருக்காகக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் விற்பனைச் சீட்டில் தெரியும், பட்டறையின் கைவேலைக்குக் கொடுக்கும் பணம் தினமும் சுவரில் தெரியும்.

## ஒரு கண்ணாடிக்கு நான்கு கை

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய இத்தாலியில் ஒரு சுவர்க்கண்ணாடி பிறக்க நான்கு தொழில்காரர்கள் வேண்டும். தகட்டுக் கண்ணாடி செய்பவர், ஓரத்தைச் சாணை பிடித்துப் பட்டை தீட்டுபவர், பின்னால் ரசம் பூசுபவர், சட்டம் செய்பவர். பெரும்பாலும் இவர்கள் தனித்தனிக் குடும்பப் பட்டறைகள். அப்பா, இரண்டு மகன்கள், ஒரு மாமா, நாலைந்து வேலையாட்கள். ஒரே பட்டறை இன்று ஒரு பெரிய நிறுவனத்துக்கும் நாளை தெருமுனைக் கடைக்கும் செய்துகொடுக்கும். கண்ணாடியின் பின்னால் ஏதாவது பெயர் ஒட்டியிருந்தால் அது பல நேரம் விற்ற கடையின் பெயர். செய்த கைகள் பெரும்பாலும் கையெழுத்துப் போடவில்லை.

வெளிநாட்டுச் சந்தை அவர்களுக்கு வேகமாகத் திறந்தது. 1950 நவம்பரில் நியூயார்க்கின் புரூக்ளின் அருங்காட்சியகத்தில் இத்தாலியக் கைவினைக் கண்காட்சி ஒன்று தொடங்கி, 1953 வரை அமெரிக்க நகரங்களைச் சுற்றியது. அமெரிக்க வீடுகள் இந்தச் சாமான்களை அள்ளிக்கொண்டன. பின்புறத்தில் 'மேட் இன் இட்டலி' என்று ஆங்கிலத்தில் முத்திரை இருந்தால் அது ஏற்றுமதிக்காகச் செய்தது என்று கொள்ளலாம். அதனால் தரம் குறைவு என்று ஆகிவிடாது. உள்ளூர் வாடிக்கையாளருக்குச் செய்ததாக யாராவது கதை சொன்னால் மட்டும் நம்ப வேண்டாம்.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் கேள்வி எளிது, ஆனால் யாரும் கேட்டுக்கொள்வதில்லை: இதில் நீங்கள் முகம் பார்க்கப் போகிறீர்களா? தலை வாரவும் பொட்டு வைக்கவும் வேண்டுமானால், நிறம் மாற்றாத, அலை இல்லாத, ரசம் முழுதாக இருக்கும் கண்ணாடி தேவை. அறைக்கு வெளிச்சம் கூட்டவோ சுவரில் ஓர் அழகுப் பொருளாகவோ என்றால் இந்த மூன்றையும் விட்டுக்கொடுக்கலாம்.

இரண்டாவது, உழைப்பு எங்கே போயிருக்கிறது என்பது. துரினிலும் முரானோவிலும் கண்ணாடியே உழைப்பு. ஃபுளோரன்ஸிலும் மிலானுக்கு வடக்கேயுள்ள பிரியான்சாவிலும் சட்டம்தான் உழைப்பு. நடுவில் இருக்கும் கண்ணாடி சாதாரணமானது. இந்த வேறுபாடு பழுது வரும்போது பெரிதாகத் தெரியும். சட்டத்தில் உழைப்பு இருந்தால் நடுக் கண்ணாடி உடைந்தாலும் மாற்றிக்கொள்ளலாம். கண்ணாடியிலேயே உழைப்பு இருந்தால், அது உடைந்த அன்றோடு பெரும்பாலும் கதை முடிந்தது.

மூன்றாவது ரசம். நாம் இன்னும் 'ரசம்' என்றே சொல்கிறோம், ஆனால் 1950களின் கண்ணாடியில் பாதரசம் இல்லை. தகரமும் பாதரசமும் கலந்து பூசியது அதற்கு முந்தைய காலம். 1835-இல் ஜெர்மானிய வேதியியலாளர் லீபிக், வெள்ளி உப்புக் கரைசலிலிருந்து கண்ணாடிமேல் வெள்ளி படியவைக்கும் வழியைக் கண்டார்; 1900 வாக்கில் பாதரசம் வழக்கொழிந்தது. நம் கணக்கிலுள்ள கண்ணாடிகளில் கண்ணாடிக்குப் பின்னால் மெல்லிய வெள்ளி, அதைக் காக்க ஒரு பூச்சு வண்ணம், சிலவற்றில் இடையே செம்பும் உண்டு. ஈரம் ஓரத்தின் வழியே நுழைந்து வெள்ளியைக் கறுக்கவைக்கும். அதுதான் கரும்புள்ளி. ஓரத்தில் நாலு புள்ளி இருந்தால் அது வயதின் அடையாளம். நடுவில் மேகம் படர்ந்திருந்தால் 'ரசம் போன கண்ணாடி' என்று நம் பாட்டிமார் சொல்லும் நிலை.

நான்காவது, பெயருக்குச் சான்று உண்டா என்பது. ஐந்தாவது, விலைச்சீட்டில் இல்லாத செலவுகள். அவற்றுக்குப் பின்னால் தனியாக வருகிறேன்.

## துரின்: நிறக் கண்ணாடியே சட்டம்

துரினில் 1950களிலும் 60களிலும் பேர்பெற்றது கிறிஸ்டல் ஆர்ட் பட்டறை. நீலம், பீச், பச்சை, புகை நிறம் எனத் தகட்டின் உள்ளேயே நிறம் கலந்த கண்ணாடியை வெட்டி, ஓரம் தீட்டி, ரசம் பூசி, மரப் பலகையின் மேல் சட்டம்போல் பொருத்துவார்கள். நடுவில் நிறமற்ற கண்ணாடி. ஆகவே முகம் இயல்பான நிறத்தில் தெரியும், சுற்றியிருக்கும் கீற்று மட்டும் அறையின் விளக்கை நிறமாக்கித் திருப்பும். மாலையில் மஞ்சள் விளக்கு போட்டால் பீச் நிறக் கீற்று பழுத்த மாம்பழத் தோல் போல இருக்கும். எனக்கு இந்த வகைமேல் தனிப் பிரியம் உண்டு.

பட்டை தீட்டியதைக் கண்ணால் பார்ப்பதைவிட விரலால் தடவிப் பார்ப்பது நல்லது. கையால் பிடித்துத் தீட்டிய ஓரத்தில் மெல்லிய மேடு பள்ளம் தட்டும். நான்கு மூலையிலும் சரிவு சேரும் கோடு சற்றே முன்பின்னாக இருக்கும். இன்றைய இயந்திரச் சரிவு முழுக்க ஒரே சீர். இன்னொரு அடையாளம் தகட்டின் அலை. பிரிட்டனின் பில்கிங்டன் நிறுவனம், உருகிய தகரத்தின் மேல் கண்ணாடியை மிதக்கவிட்டுத் தகடாக்கும் முறையை 1959-இல்தான் அறிவித்தது. அதற்கு முன் இழுத்து எடுத்த தகட்டில் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் ஜன்னல் கம்பியின் பிம்பம் லேசாக நெளியும். தேய்த்து மெருகேற்றிய கனமான தகட்டில் அந்த நெளிவு வெகு குறைவு. எனவே நெளிவு இருந்தால் நல்ல அறிகுறி. இல்லையென்றால் அதை வைத்து மட்டும் பொய் என்று தீர்ப்புச் சொல்லக்கூடாது.

குறை என்னவென்றால் கீற்றுகள் தனித்தனித் துண்டுகள். ஒன்று விரிசல் விட்டால் அதே நிறத்தில் மாற்றுத் துண்டு கிடைப்பது மிகக் கடினம். பழைய பீச் நிறமும் இன்றைய பீச் நிறமும் பக்கத்தில் வைத்தால் ஒட்டாது. வாங்கும்போது கீற்றுகளைக் கணக்கெடுங்கள். எல்லாவற்றிலும் ஒரே சாயல் இருக்கிறதா என்று பகல் வெளிச்சத்தில் பாருங்கள். பின்பலகையில் தாள் முத்திரை மிஞ்சியிருந்தால் அதிர்ஷ்டம்.

## மிலான்: ஒரு நிறுவனம், பல ஊகங்கள்

மிலான் என்று எழுதும்போது இரண்டு வெவ்வேறு பொருள்களைப் பற்றிப் பேசுகிறோம். இரண்டையும் ஒன்றாகக் காட்டுவதில்தான் விற்பனையாளர்களின் சாமர்த்தியம் இருக்கிறது.

முதலாவது ஃபொன்தானா ஆர்தே. லூயிஜி ஃபொன்தானா 1881-இல் மிலானில் தொடங்கிய தகட்டுக் கண்ணாடித் தொழிலிலிருந்து கிளைத்த கலைப்பிரிவு. 1932-இல் ஜியோ பொன்தி அதன் கலை இயக்குநர். அடுத்த ஆண்டு கண்ணாடிக் கலைஞர் பியேத்ரோ கியேசா தன் சொந்தப் பட்டறையோடு வந்து சேர்ந்தார். 1954 முதல் பிரெஞ்சுக்காரரான மாக்ஸ் இங்ராண் பொறுப்பேற்றார். அவர் காலத்துக் கண்ணாடிகளில் தடித்த நிறக் கண்ணாடி வளைந்து எழுந்து நடுக் கண்ணாடிக்குக் கரை கட்டும். சிலவற்றில் ஓரத்தை உளியால் சில்லுச் சில்லாகக் கொத்தியிருப்பார்கள். கையில் தூக்கிப் பார்த்தால் எடையே சொல்லிவிடும். பெரும்பாலான மாதிரிகளுக்கு எண் உண்டு, பழைய விலைப்பட்டியலில் படம் உண்டு. அதனால்தான் விலை பல ஆயிரம் யூரோவுக்குப் போகிறது. அதைக் கொடுக்க முடிந்தவர்களுக்கு இதில் சந்தேகத்துக்கு இடம் குறைவு, மறுவிற்பனையும் எளிது. போருக்கு முந்தைய மிலானில் லூயிஜி புருசொத்தி சக்கரத்தால் செதுக்கிய கண்ணாடிகளும் இந்த மரபில் வருபவைதான்.

இரண்டாவது, அந்தத் தம்பதி அனுப்பிய படத்திலிருக்கும் பித்தளைக் கேடயம். 1950களில் வட இத்தாலியப் பட்டறைகள் இதை ஏராளமாகச் செய்தன. பிளைவுட் பலகையை வடிவத்துக்கு அறுத்து, பித்தளைப் பட்டியை அதைச் சுற்றி வளைத்து, மூலையில் பற்றவைத்து, முன்னால் கண்ணாடியைப் பதிப்பார்கள். கோடு அழகானது, கனமில்லாத, நிமிர்ந்த அழகு. பொன்தியின் வடிவங்களும் அப்படி மேலே விரிந்து கீழே மெலிபவைதான். ஆனால் சாயல் ஒன்றாக இருப்பதால் அவர் வரைந்தது என்று ஆகிவிடாது. பொன்தி 1979-இல் இறந்தார். அவர் குடும்பத்தார் மிலானில் அவருடைய வரைபடக் காப்பகத்தை நடத்துகிறார்கள், நிபுணத்துவச் சான்றும் அங்கே வழங்குகிறார்கள். அந்தச் சான்று கையில் இல்லாத எந்தக் கேடயக் கண்ணாடியையும் பெயரில்லாத பட்டறையின் பொருளாகவே விலை பேசுங்கள். 'பாணி', 'சார்ந்தது', 'வட்டம்' போன்ற சொற்களுக்கு ஒரு யூரோகூடக் கூட்டிக் கொடுக்காதீர்கள்.

பெயரில்லாதது என்பதால் இதை நான் குறைத்துச் சொல்லவில்லை. சில நூறு யூரோவுக்கு உண்மையான 1950களின் பித்தளையும் கண்ணாடியும் கிடைப்பது நல்ல பேரம். ஒரு முறை நானே ஏமாந்தேன். அவசரத்தில் முன்பக்கப் படத்தை மட்டும் பார்த்து ஒன்றை வாங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் திருப்பினால் பின்னால் மரநாரை அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பலகை. ஐரோப்பாவில் அந்தப் பலகை பரவியதே 1970களுக்குப் பிறகுதான். ஒன்று, பலகையை யாரோ மாற்றியிருக்க வேண்டும். இல்லையென்றால் பொருளே புதிது. பித்தளையின் உட்பக்கம் வரை ஒரே பளபளப்பாக இருந்ததால் இரண்டாவதுதான் என்று முடிவு செய்தேன். அன்றிலிருந்து பின்புறப் படம் இல்லாமல் பேச்சே தொடங்குவதில்லை.

பின்புறத்தில் நான் தேடுவது இவற்றைத்தான்: வெயில் படாமல் பழுத்துப் பழுப்பேறிய பிளைவுட் அல்லது மரம், ஒற்றை வெட்டுள்ள திருகாணிகள், அவற்றைச் சுற்றி மரத்தில் பதிந்த துருக்கறை, ரசம் பூசிய பட்டறை அழுத்திய மை முத்திரை. ஒரே ஒரு ஸ்டார் திருகாணி இருந்தால் யாரோ பழுது பார்த்திருக்கலாம். எல்லாமே ஸ்டார் என்றால் கவனம் தேவை.

## முரானோ: பூவும் கயிறும் கண்ணாடியில்

வெனிஸ் நகரத்தின் கண்ணாடி உலைகள் முரானோ தீவுக்கு மாறியது 1291-இல். 1507-இல் தால் கால்லோ சகோதரர்கள் கண்ணாடிக்கு ரசம் பூசும் தொழிலுக்குத் தனியுரிமை கேட்டு வெனிஸ் அரசிடம் விண்ணப்பித்தார்கள். 1665-இல் பிரான்சின் அமைச்சர் கோல்பேர் முரானோ கண்ணாடிக்காரர்களை ரகசியமாக இழுத்துக்கொண்டுபோய் அரசுப் பட்டறை தொடங்கினார். வெர்சாய் அரண்மனைக் கண்ணாடிக்கூடம் அதன் விளைச்சல். இவ்வளவு பழைய ஊர் 1950களில் என்ன செய்தது? ஒரு பக்கம் பாட்டன் காலத்துப் பூச்சட்டம்: கண்ணாடியில் வார்த்த இலை, ரோஜா, முறுக்கிய கயிறு எல்லாவற்றையும் மரப் பலகையில் சிறு திருகாணியாலும் கம்பியாலும் கோத்து, திருகாணித் தலையைக் கண்ணாடிப் பூவால் மறைப்பது. மறுபக்கம் 1921-இல் தொடங்கிய வெனீனி போன்ற உலைகள், ஒரே முறுக்குக் கம்பியைச் சுற்றி வைத்து மற்ற அலங்காரங்களை விலக்கிய எளிமை. 1295 முதல் வம்சாவளி சொல்லும் பரோவியேர் குடும்பத்தில் 1974-இல் இறந்த எர்கோலே பரோவியேர் பல பத்தாண்டுகள் புதுப்புது கண்ணாடி வகைகளைக் கண்டுபிடித்துக்கொண்டே இருந்தார்.

இங்கும் பல கை. உலையில் பூ செய்பவர் ஒரு குடும்பம், அதைக் கோத்துக் கண்ணாடியாக்குபவர் இன்னொரு குடும்பம், செதுக்குபவர் மூன்றாவது. 'இது எந்த உலை?' என்ற கேள்விக்குப் பாதி நேரம் ஒரே விடை கிடையாது.

முரானோவின் பெரும் பலம் பழுது பார்க்க இன்றும் ஆள் இருப்பது. உடைந்த இலைக்கு மாற்று இலை அந்தத் தீவிலேயே செய்து வாங்கலாம். பலவீனம் தூசி. நூறு இலைக்கும் இடையில் தூசி சேரும். ஒட்டடை அடிக்கும் பிரஷ் சட்டத்தில் மாட்டினால் ஒரு இதழ் போகும். குழந்தைகள் ஓடும் நடைவழியில் இது வேண்டாம். புதிதாக வாங்கினால் 'வெத்ரோ ஆர்திஸ்திகோ முரானோ' என்ற முத்திரையைக் கேளுங்கள். வெனெத்தோ மாநிலம் 1994-இல் சட்டம் இயற்றி உண்டாக்கிய அடையாளம் அது. பழைய பொருளுக்கு அந்த முத்திரை இருக்காது. 1950களின் பொருள் என்று சொல்லி அந்த முத்திரையைக் காட்டினால், அந்தப் பொருளின் வயதே பொய்.

## ஃபுளோரன்ஸ்: தங்க ரேக்

ஆர்னோ நதியின் தென்கரையான ஓல்த்ரார்னோ பகுதி மரச் செதுக்கு, தங்கப் பூச்சுப் பட்டறைகளின் வீடு. 1966 நவம்பர் 4 வெள்ளத்தில் நகரத்தின் எத்தனையோ பட்டறைகள் மூழ்கின. முறை இதுதான்: மரத்தின் மேல் பசையும் சுண்ணப்பொடியும் கலந்த வெள்ளைப் பூச்சைப் பல அடுக்கு, அதன் மேல் செம்மண் நிறக் களிமண், அதன் மேல் தங்க ரேக், கடைசியில் அகேட் கல்லால் தேய்த்து மெருகு. தஞ்சாவூர் ஓவியக்காரர் வெள்ளைப் பூச்சை மேடாக்கி ரேக் ஒட்டுவதைப் பார்த்திருப்பவர்களுக்கு இது உடனே பிடிபடும்.

கவனிக்க வேண்டியது, ரேக் தங்கமா பித்தளையா என்பது. தங்கம் கறுக்காது. பித்தளை ரேக் மூலை இடுக்குகளில் பச்சையாகவோ பழுப்பாகவோ திரும்பும். சுற்றுலாப் பயணிகளுக்கும் ஏற்றுமதிக்கும் செய்த சட்டங்களில் பித்தளை ரேக் சகஜம். அது குற்றமில்லை, தங்கத்தின் விலை கேட்டால்தான் குற்றம். ஏசி ஓடி நின்று ஓடும் அறையில் மரம் சுருங்கி விரிந்து வெள்ளைப் பூச்சு உதிரும், அதோடு தங்கமும் உதிரும். பழுது பார்க்கக் கைதேர்ந்தவர் வேண்டும்.

## பிரியான்சா: பிரம்பும் மரமும்

மிலானுக்கு வடக்கே கோமோ ஏரிப்பக்கம் நீளும் பிரியான்சாதான் இத்தாலிய மரச்சாமானின் உலைக்களம். கான்தூ ஊரின் பட்டறைகள் பாவ்லோ பூஃபா போன்ற வடிவமைப்பாளர்களின் வரைபடங்களுக்கு மரம் இழைத்தன. வரேதோவில் கயெத்தானோ போர்சானியின் குடும்பப் பட்டறையிலிருந்து அவர் இரட்டை மகன்கள் 1953-இல் தெக்னோ என்ற மரச்சாமான் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். குடும்பப் பட்டறை தொழிற்சாலையாக மாறிய அந்தத் திருப்பத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

பிரம்புக்கு லுராகோ தேர்பா ஊரின் பொனச்சீனா குடும்பம். ஜியோவான்னி பொனச்சீனா 1889-இல் தொடங்கியது. 1951 மிலான் திரியென்னாலே கண்காட்சியில் கட்டிடக் கலைஞர் ஃபிராங்கோ அல்பீனியின் மார்கெரீத்தா பிரம்பு நாற்காலி இந்தக் குடும்பத்துக்குப் பெரும் பேர் வாங்கித்தந்தது. அதன் நிழலில்தான் இன்று சந்தையிலுள்ள வட்டப் பிரம்புக் கண்ணாடி அத்தனையும் 'அல்பீனி பாணி' ஆகிவிட்டது. ஸ்பெயினும் பிரான்சும் அதே காலத்தில் அதே வடிவங்களைச் செய்தன. இத்தாலியப் பிரம்பு என்பதற்குத் தனி ஆதாரம் கேளுங்கள்.

இருந்தாலும் முதல்முறை வாங்குபவருக்கு நான் கைகாட்டுவது இதைத்தான். எடை குறைவு, விலை குறைவு, நடுக் கண்ணாடி உடைந்தால் உள்ளூர்க் கண்ணாடிக் கடையில் வெட்டிப் பதித்துக்கொள்ளலாம், அனுப்பும் செலவும் குறைவு. ஒரே எதிரி உளு. சட்டத்தை வெள்ளைத் தாளின் மேல் தட்டிப் பாருங்கள். மாவு போல் தூள் விழுந்தால், விலை எவ்வளவு இறங்கினாலும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.

## இன்றும் செய்யப்படுபவை

பழையதுதான் வேண்டும் என்று இல்லாதவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. மிலானில் கலைஞர் பியேரோ ஃபொர்னசெத்தி 1988-இல் இறந்தபின் மகன் பர்னபா அவருடைய குவிகண்ணாடிகளைத் தொடர்ந்து செய்கிறார். அவை அழகு, ஆனால் அறை முழுவதையும் ஒரு பந்துக்குள் அடைத்துக் காட்டும். முகம் பார்க்க உதவாது. 1970-இல் வடிவமைப்பாளர் எத்தோரே சொத்சாஸ் பொல்த்ரோனோவா நிறுவனத்துக்கு வரைந்த, அலையலையான ஓரத்துக்குள் விளக்கெரியும் உல்த்ராஃப்ராகோலா என்ற கண்ணாடியும் இன்றும் தஸ்கனியில் செய்யப்படுகிறது. உயரம் 195 செ.மீ. பார்த்தவர் மறக்க மாட்டார், ஆனால் சிறிய அறையை அது விழுங்கிவிடும். புதியதை வாங்கினால் சான்று, உத்தரவாதம், பாதுகாப்பான மின்கம்பி எல்லாம் உண்டு. அந்த ஓரத்தில் மட்டும் எழுபது ஆண்டு வயது இருக்காது.

## ஒரே பார்வையில்

| வகை | முகம் பார்க்க | உழைப்பு எங்கே | பெயரும் சான்றும் | பழுது பார்ப்பது | எங்கே பொருந்தும் |
|---|---|---|---|---|---|
| துரின் நிறக் கண்ணாடி | நன்று | கண்ணாடியில் | தாள் முத்திரை இருந்தால் உறுதி | நிறம் ஒட்டாது, கடினம் | வரவேற்பறை, மஞ்சள் விளக்குள்ள சுவர் |
| ஃபொன்தானா ஆர்தே | நன்று | கண்ணாடியில் | மாதிரி எண், பட்டியல் | மிகக் கடினம் | சேமிப்பாகவும் நினைப்பவருக்கு |
| பெயரில்லாப் பித்தளை | மிக நன்று | சட்டத்தில் | பெரும்பாலும் இல்லை | எளிது | படுக்கையறை, உடை மாற்றும் அறை |
| முரானோ பூச்சட்டம் | சுமார் | கண்ணாடிச் சட்டத்தில் | கலவை | தீவில் ஆள் உண்டு | நடமாட்டம் குறைந்த சுவர் |
| ஃபுளோரன்ஸ் தங்க ரேக் | நன்று | மரச் சட்டத்தில் | குறைவு | கைதேர்ந்தவர் தேவை | ஈரப்பதம் ஏறி இறங்காத அறை |
| பிரியான்சா பிரம்பு | நன்று | சட்டத்தில் | ஊகம் அதிகம் | மிக எளிது | நுழைவாசல், முதல்முறை வாங்குபவர் |

## விலைச்சீட்டில் இல்லாத செலவு

கண்ணாடியின் எடைக்கு ஒரு கணக்கு உண்டு: ஒரு சதுர மீட்டருக்கு, ஒவ்வொரு மில்லிமீட்டர் தடிமனுக்கும் 2.5 கிலோ. ஒரு மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் உயரம், 5 மி.மீ. தடிமன் என்றால் கண்ணாடி மட்டும் 18.75 கிலோ. மரப் பலகையும் நிறக் கீற்றும் சேர்த்தால் எவ்வளவு கூடும் என்று நீங்களே பாருங்கள். பழைய கொக்கியையும் கயிற்றையும் நம்பித் தொங்கவிடாதீர்கள். இரண்டு இடத்தில் சுவரில் பிளக் அடித்து, கீழ்விளிம்புக்கு ஒரு தாங்கலும் வைத்தால்தான் நிம்மதி. 1950களின் கண்ணாடிகளுக்குப் பின்னால், உடைந்தால் துண்டுகளைப் பிடித்துவைக்கும் பாதுகாப்புப் படலம் கிடையாது. விழுந்தால் கத்தி போலச் சிதறும். குழந்தைகள் உள்ள வீட்டில் பின்னால் படலம் ஒட்டச் சொல்லுங்கள்.

அனுப்புவது அடுத்த செலவு. கண்ணாடி எப்போதும் நின்றவாக்கில் பயணிக்க வேண்டும். படுக்கவைத்தால் தன் எடையாலேயே உடையலாம். மரப்பெட்டி அவசியம், அதற்குப் பூச்சி நீக்கிய முத்திரையும் அவசியம். விமானத்தில் அனுப்பினால் பெட்டியின் கன அளவுக்குக் கட்டணம் போடுவார்கள். சில நூறு யூரோ கண்ணாடிக்கு அதைவிடக் கூடுதல் அனுப்புக்கூலி வருவது சாதாரணம்.

இத்தாலியச் சட்டத்தையும் கவனியுங்கள். எழுபது ஆண்டைத் தாண்டிய, செய்தவர் உயிரோடு இல்லாத கலைப்பொருளை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக அரசின் அனுமதிக் காகிதம் வேண்டும். 2017 வரை இது ஐம்பது ஆண்டாக இருந்தது. 13,500 யூரோவுக்குக் குறைந்த மதிப்பென்றால் பெரும்பாலும் சொந்த உறுதிமொழிப் படிவம் போதும், ஆனால் அதையும் விற்பவர் முன்கூட்டியே செய்ய வேண்டும். 1950களின் முதல் பாதியில் செய்தவை இப்போது இந்த எல்லையைத் தாண்டிவிட்டன. மறுபக்கம், உலகச் சுங்கப் பட்டியலில் தொல்பொருள் என்பதற்கு நூறு ஆண்டுக்கு மேல் வயது வேண்டும். அந்தத் தலைப்பின் சலுகையை எதிர்பார்த்து வாங்காதீர்கள்; நீங்கள் இறக்குமதி செய்யும் நாட்டில் இது சாதாரணக் கண்ணாடிச் சாமான். சட்டம் பிரேசில் ரோஸ்வுட் மரமாக இருந்தால் இன்னும் சிக்கல்: 1992 முதல் அந்த மரத்தின் வணிகம், அழியும் உயிரினங்களைக் காக்கும் உலக ஒப்பந்தத்தின் கடுமையான பட்டியலில் இருக்கிறது.

ரசம் மங்கியதற்கு மறுபடியும் ரசம் பூசலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். சட்டம்தான் உழைப்பு என்றால் பழைய கண்ணாடியைத் தூக்கி எறியாமல் பின்னால் வைத்துவிட்டு முன்னால் புதியதைப் பொருத்துங்கள். பின்னர் விற்கும்போது அசல் கையில் இருக்கும். கண்ணாடிதான் உழைப்பு என்றால் கைவைக்க வேண்டாம். பின்பக்கத்திலிருந்து செதுக்கிய பூவேலை இருந்தால் பழைய வண்ணத்தை உரிக்கும்போது அதுவும் போய்விடலாம்.

வீட்டுக்கு வந்தபின் ஒரு முக்கியமான எச்சரிக்கை. பித்தளை என்றதும் நம் கை புளியைத் தேடும். குத்துவிளக்குக்குச் சரி, கண்ணாடிச் சட்டத்துக்குக் கூடவே கூடாது. புளிப்பு ஓரத்தின் வழியே உள்ளே இறங்கி ரசத்தைத் தின்றுவிடும். எலுமிச்சை, வினிகர், அம்மோனியா கலந்த தெளிப்பான்கள் எல்லாமே அப்படித்தான். துணியை லேசாக ஈரமாக்கிக் கண்ணாடியைத் துடையுங்கள், ஓரத்துக்கு ஒரு விரல்கடை முன்னே நிறுத்துங்கள். பித்தளையை அப்படியே மங்கவிடுங்கள். கடலோர ஊரில் வெளிச்சுவரில் மாட்டாமல் உள்சுவரில் மாட்டி, பலகைக்கும் சுவருக்கும் இடையில் காற்றுப் போக ஒரு சின்ன இடைவெளி விடுங்கள்.

## எங்கே பார்ப்பது

நேரில் போக முடிந்தால் துரினில் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு கூடும் பெரிய பலோன் சந்தை, மிலானின் நவீல்யோ கால்வாய்க் கரையில் கடைசி ஞாயிறு, அரெஸ்ஸோவில் 1968 முதல் நடக்கும் மாதச் சந்தை. மூன்றிலும் பேரம் பேசலாம். திருப்பிப் பார்க்கக் கேட்டால் யாரும் முகம் சுளிப்பதில்லை. சுளித்தால் அடுத்த கடைக்கு நகருங்கள். தூரத்திலிருந்து வாங்கினால் பின்புறம், நான்கு மூலை, பக்கவாட்டு வெளிச்சத்தில் ரசம், எடை இவ்வளவையும் படமாகவும் எழுத்தாகவும் கேளுங்கள்.

அந்தத் தம்பதியிடமும் இதைத்தான் சொன்னேன். பின்புறப் படங்கள் இரண்டு நாளில் வந்தன. பித்தளைக் கண்ணாடி பொய் இல்லை: பழுத்த பிளைவுட், துருவேறிய திருகாணிகள், நல்ல ரசம். ஆனால் 'பொன்தி' என்ற சொல்லுக்காக விலையில் பாதி ஏறியிருந்தது; சான்று கேட்டதற்கு விற்பவர் பதில் எழுதவில்லை. துரின் கண்ணாடியின் பின்பலகையில் கிழிந்த தாள் முத்திரையின் ஒரு மூலை மட்டும் மிஞ்சியிருந்தது. கீற்றுகள் எல்லாம் ஒரே நிறம், ஓரத்தில் ஏழெட்டுக் கரும்புள்ளி. அவர்களுக்கு வேண்டியது சாப்பாட்டு மேசைக்கு மேலே மாலை வெளிச்சத்தைப் பிடிக்கும் ஒரு பொருள். முகம் பார்க்க வீட்டில் வேறு நிலைக்கண்ணாடி இருக்கிறது. துரினையே எடுங்கள், கரும்புள்ளியைச் சொல்லி விலையைக் குறைத்துக் கேளுங்கள் என்றேன். பெட்டி இப்போது கப்பலில் இருக்கிறது. மேசைக்கு மேலுள்ள சுவரில் தாங்கலுக்கான இடத்தைப் பென்சிலால் குறித்துவைத்திருக்கிறார்கள்.